நிமிராத கைக்குக் கிடைத்த இடம்

என் வலது முழங்கை முழுதாக நீளாது. ஜெபித்த பிறகும் நீளவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நிமிர்ந்த கதையைக் கேட்கலாம் என்று இந்த ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் கடைசியில் ஏமாறக் கூடாது.

நான் ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவன். லாரி கிளீனர், கல்குவாரி, ஓட்டலில் மாவாட்டுவது என்று பதிமூன்று வருடம் சுற்றினேன். சித்தூர்ப் பக்கம் லாரி மேலிருந்து விழுந்து கை முறிந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நாற்பது நாள் அவிழ்க்காதே என்றார். எனக்கு ஓரிடத்தில் நாற்பது நாள் உட்காரத் தெரியாது. பதினைந்தாம் நாள் நானே அவிழ்த்துவிட்டு அடுத்த லாரியில் ஏறினேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

அந்தக் கோணல் கையால்தான் பிழைத்தேன். கோடையில் ஏரிகள் வற்றியதும் ஊருக்கு ஊர் கிரிக்கெட் போட்டி நடக்கும். பஸ் சார்ஜும் பிரியாணியும் கொடுத்து என்னைப் பந்து போடக் கூட்டிப்போவார்கள். என் பந்து தரையில் பட்டதும் எகிறும். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். கை வளைந்திருப்பது ஆட்டத்தில் குற்றமில்லை. ஆனால் பந்தை விடும் நொடியில் நான் முழங்கையை மடக்கிச் சொடுக்குவேன். அது பந்து வீசுவது அல்ல, கல்லெறிவது. ஆடுகிறவர்கள் அதை மாங்கா அடிப்பது என்பார்கள். அது வெளியே தெரியாமல் இருக்க, மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டிக்கொள்வேன்.

1991-ம் வருடம். எஸ்தரைக் கல்யாணம் செய்து மூன்று வருடத்தில் ஐந்து ஊர் மாறியிருந்தோம். பென்னலூரில் ஓர் அறையில் இருந்தோம். அவளுக்கு ஐந்து மாதம். குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வெளியூர்க்காரன் பட்ட பாடு உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். நீ யார், எந்த ஊர், உன்னைத் தெரிந்தவர் யார் என்று கேட்காமல் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. ஒரு கம்பெனி மட்டும், நான் பந்து போடுகிறவன் என்பதற்காகத் தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே மேனேஜருக்குக் கிரிக்கெட் பைத்தியம்.

"தண்டலம் மேட்ச்ல ஜெயிச்சுக் குடுப்பா. பர்மனென்ட் லெட்டர என் கையாலயே குடுக்கறேன்" என்றார்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"இத்தோட அஞ்சு ஊரு. இதுவும் பூட்சின்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போய்டுவேன். ஆறாவது ஊருக்கு நீ தனியா போய்க்கோ."

நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? ஆண்டவரே, என் கையை நிமிர்த்தும். இல்லாவிட்டால் அம்பயரின் கண்ணை மறைத்துவிடும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகாமல் ஆடப் போனேன். ஒரு கல்லூரி மைதானம். பக்கவாட்டில் நின்ற அம்பயர் அந்தக் கல்லூரியின் பி.டி. மாஸ்டர். என் முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. எங்கள் ஆட்கள் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் மாஸ்டரின் கை நீண்டிருந்தது. நோ பால். அடுத்ததும் நோ பால். மூன்றாவதும்.

எல்லைக் கோட்டில் இருந்து சிரித்தார்கள். "இன்னா தலீவா, மாங்கா பறிக்க வந்தியா? மரம் அந்தாண்ட கீது!"

கேப்டன் பந்தைப் பிடுங்கிக்கொண்டார். தோற்றோம். மேனேஜர் என்னைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறினார்.

திங்கட்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. "உன் பேரு லிஸ்ட்ல இல்லபா. நான் இன்னா பண்ண?" புதன்கிழமை எஸ்தரின் அண்ணன் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்தார். அவள் துணியை மடித்து வைத்திருந்தாள். சண்டை போடவில்லை. வாசலில் நின்று, "நீ எங்கனா ஒரு எடத்துல நில்லுய்யா. அப்பறம் வந்து கூப்டு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். கட்டட வேலையில் செங்கல் தூக்கினேன். அதுவும் வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் படுத்தே கிடந்தேன். ஜெபம் வரவில்லை. கேட்டதைத் தராதவரிடம் இன்னும் என்ன பேசுவது? செத்துப்போகலாம் என்றுகூட நினைக்கவில்லை. அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே.

ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெங்களூர் போய்விடலாம். வழியில் ஷீட் போட்ட எங்கள் ஜெபவீடு திறந்திருந்தது. மத்தியான நேரம், உள்ளே யாரும் இல்லை. போகிறேன் என்று சொல்லத்தான் முழங்காலிட்டேன். வாயில் வந்தது வேறு.

"நான் எறிந்தேன், ஆண்டவரே."

அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. எஸ்தரிடம்கூட இல்லை. அழுகை வரவில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னேன். "கை இப்படியே இருக்கட்டும். நிற்க ஓர் இடம் கொடும்."

சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனால் அவரிடம் சொன்னதை அந்த அம்பயரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த் தண்டலம் பஸ்ஸில் ஏறினேன்.

மாஸ்டர் மைதானத்தில்தான் இருந்தார். மாணவர்கள் ஏதோ புது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் பையோடு போய் நின்றேன்.

"சார், அன்னிக்கு நீங்க சொன்னது சரி. நான் எறிஞ்சேன். தெரிஞ்சேதான் எறிஞ்சேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருவது வருஷமா அம்பயரிங் பண்றேன். திட்ட வந்தவன் உண்டு, அடிக்க வந்தவன் உண்டு. இதுக்குன்னு வந்தவன் நீதான்யா." சட்டையைச் சுட்டிக்காட்டினார். "மொதல்ல அந்தக் கைய மடிச்சு விடு."

மடித்து விட்டேன். முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிவப்புத் தையல் போட்ட ஒரு வெள்ளைப் பந்தை என் கையில் வைத்தார். "இதுக்குப் பேரு பேஸ்பால். இதுல எறியலன்னாதான் தப்பு. எறி, பாக்கலாம்."

பழக்கத்தில் ஓடி வந்தேன்.

"ஓடாத! தரையில பதிச்ச அந்தப் பலகைமேல கால வெச்சுக்கோ. நின்ன எடத்துலருந்து போடு."

நின்று எறிந்தேன். எதிரே குந்தியிருந்த மாணவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை ஊதினான். "சார், இவரு யாரு சார்?"

"மாங்கா அடிக்கிறவரு" என்றார் மாஸ்டர். அன்றுதான் முதல்முறையாக அந்த வார்த்தை எனக்கு வலிக்கவில்லை.

மைதானத்தைப் பெருக்கிக் கோடு போடுகிற வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் மாணவர்களுக்குப் பந்து எறிய வேண்டும். மாவட்ட பேஸ்பால் அணிக்காக மூன்று வருடம் பிட்சராக, அதாவது பந்து எறிகிறவனாக, ஆடினேன். பெரும்பாலும் தோற்றோம். அப்புறம் தோளும் போனது. என் ஆட்ட வாழ்க்கை அவ்வளவுதான். பேப்பரில் பெயர் வந்ததில்லை.

எஸ்தர் உடனே வரவில்லை. டிசம்பரில் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தேன். கூட வரச் சொன்னபோது அவள் நம்பவில்லை. நம்பும்படி நான் என்ன செய்திருந்தேன்? அடுத்த ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, அந்தப் பலகைமேல் கால் வைத்துப் பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். வேலி ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"இன்னாய்யா, இன்னும் இங்கயேதான் நின்னுகினு கீறியா?"

"இங்கதான் கீறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் துணி மூட்டை என் அறைக்கு வந்தது.

அதனால் சொல்கிறேன். உங்களிலும் ஏதோ ஒன்றை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்கள் இருக்கலாம். பொத்தானைக் கழற்றி அவரிடம் காட்டுங்கள். கேட்டதைத்தான் தருவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், எனக்கே தரவில்லை. ஆனால் என்னை நிற்க வைத்தார். நன்றி சொல்லக் கை தூக்கும்போது இந்தக் கை பாதிதான் எழும்புகிறது. அந்தப் பாதியை அவர் வாங்கிக்கொள்கிறார்.