ஒரு மகளுக்கு மூன்று அறை

மலையாளச் சீமையின் ஓரத்தில் தமிழ் பேசுகிற ஊரான பெருமாட்டியில் ரத்தினசாமியிடம் எதையாவது கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதுண்டு, மனவருத்தத்தோடு திரும்பியதில்லை. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வேண்டாம் என்பதும் வராது. இரண்டுக்கும் பதிலாக அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. "ஆகட்டுங்க." சொல்லும்போதே துண்டு ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதன் பொருள் தெரியும்: வேறு இடம் பாருங்கள்.

வேண்டும் என்றால் அவர் பேசவே மாட்டார். எழுந்து போய்க் காரியத்தைச் செய்துவிடுவார். பெண் பார்க்கப் போன அன்று, "புள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கமலாத்தாளின் அப்பா கேட்டதற்கு, இவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அவர்கள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். கல்யாணம் முடிவாகிவிட்டது. "அன்னைக்கு மட்டும் வாயத் தொறந்து ஆகட்டுங்கன்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று கமலாத்தாள் இன்றும் சொல்வதுண்டு.

சொட்டுநீர்க் குழாய் விற்க வந்த திருச்சூர்க்காரர் ஒருவர் மட்டும் ஒருமுறை இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு போய், மறுநாள் தோப்பு வாசலில் ஒரு லாரி குழாயை இறக்கிவிட்டார். அது அந்த மனிதரின் காதுக் கோளாறு என்றே ரத்தினசாமி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் மௌனிகாவுக்குக் கொச்சியை ஒட்டிய களமசேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் கடலியல் படிக்க இடம் கிடைத்தது. கோடையில் குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிற ஊர் சும்மா இருக்குமா? "கெணத்துல காணாததக் கடல்ல போய்ப் படிக்கப் போறாளாக்கும்" என்றது. மௌனிகா பொருட்படுத்தவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கல்லூரி விடுதியில் இடம் இல்லை. வெளியில் அறை பார்க்க வேண்டும். அதுவும் ஒரே பகலில். பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு ஓர் இடம் அவளுக்காகக் காத்திருந்தது. மறுநாள் போய்ச் சேராவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகும். "ஊடு அமைஞ்சா அங்க. அமையலைன்னா கம்முனு திரும்பி வந்து சித்தூருல சேந்துக்க" என்று கமலாத்தாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கூட வர அவளுக்கும் ஆசைதான். ஆனால் செவலை மாடு எந்த நேரமும் கன்று போடும் நிலையில் இருந்தது.

மகள் கொச்சிக்குப் போவதில் ரத்தினசாமியின் அபிப்பிராயம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் முந்தின வாரமே அவர் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்குப் போய், தோட்டத்து இலவம்பஞ்சைக் கொடுத்து ஒற்றைக்கட்டில் மெத்தை ஒன்று தைத்துக்கொண்டு வந்திருந்தார். மௌனிகாவுக்கு அது போதுமாக இருந்தது.

மெத்தைச் சுருளையும் ஒரு மூட்டைத் தேங்காயையும் களமசேரி ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் வைத்துவிட்டு அப்பாவும் மகளும் வீடு பார்க்கப் புறப்பட்டார்கள்.

முதல் வீடு ஜோஸ் என்ற ஓய்வுபெற்ற வாத்தியாருடையது. மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு ஜன்னல். அது இவர்களைப் பார்த்ததும் சாத்திக்கொண்டது. ஜோஸ் சார் விதிகளை வகுப்பு எடுப்பது போல எடுத்தார். ஏழு மணிக்குக் கேட் பூட்டிவிடும். சமையல் கூடாது. துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். போனில் பேசினால் கூடத்துக்குக் கேட்கும்படி பேச வேண்டும். மௌனிகா அப்பாவின் விலாவில் லேசாக இடித்தாள். அவருக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் அதற்குள் சாரின் மனைவி டீ கொண்டுவந்துவிட்டார். டீ குடித்த வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரத்தினசாமி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். துண்டு தோள் மாறியது.

"ஆகட்டுங்க."

ஜோஸ் சாரின் முகம் மலர்ந்தது. "ஆவட்டே, ஆவட்டே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ரத்தினசாமியின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

படியிறங்கும்போது ரத்தினசாமி சொன்னார்: "நல்ல மனுசன் அம்மணி. வேண்டாம்னு சொன்னதுக்கே இத்தன சந்தோசப்படறாரு பாரு."

மௌனிகாவுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. பிடிபடவில்லை.

இரண்டாவது வீட்டில் பெரிய பலகை தொங்கியது. அவள் வாசித்துக் காட்டினாள்: "லேடீஸ் பேயிங் கெஸ்ட்."

"பேய்ங்களா?"

"பேயிங், அப்பா. காசு குடுத்துத் தங்கற ஒறம்பரைன்னு அர்த்தம்."

ரத்தினசாமி நின்றுவிட்டார். ஊரில் ஒறம்பரை வந்தால் கோழி அடிப்பார்கள். போகும்போது கையில் பழமும் பலகாரமும் கொடுத்து அனுப்புவார்கள். "ஒறம்பரைகிட்டயே காசு வாங்கறாங்களா? அப்ப பேய்ங்கதான்" என்றார்.

உள்ளே ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு ஆறு பெண்கள் இருந்தார்கள். மேல்கட்டிலில் ஒருத்தி படுத்தபடியே படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்தால் தலை விசிறியில் இடிக்கும் என்பதால் படிப்பையெல்லாம் அப்படியே பழகிக்கொண்டாளாம். வீட்டுக்கார ஷைனி இவர்களுக்காக எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்தாள். வாடகையைக் கேட்டதும் ரத்தினசாமிக்கு விக்கியது. டம்ளரைக் காலி செய்துவிட்டு, "ஆகட்டுங்க" என்று சொல்லி எழுந்துகொண்டார். அவளும் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, வாசல் வரை வந்து வெகு பிரியமாக அனுப்பிவைத்தாள்.

இருவரும் ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜோஸ் சார். கட்டில் போட்டாயிற்று, மெழுகு போட்டுத் தரையையும் துடைத்தாயிற்று, மோள் எப்போது வருகிறாள்? ரத்தினசாமி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதற்குள் இன்னொரு அழைப்பு. ஷைனி, ஒரு மேல்கட்டிலைப் பிடித்து வைத்திருக்கிறாளாம்.

மௌனிகாவுக்கு இப்போது பிடிபட்டது. தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, இங்க ஆவட்டேன்னா சரின்னு அர்த்தமுங்க. நீங்க ரெண்டு ஊடும் எடுத்தாச்சு."

"நான் வேண்டாம்னுதான கண்ணு சொன்னேன்?"

"நம்மூருல வேண்டாம். இங்க வேணும்."

ரத்தினசாமி கொஞ்ச நேரம் போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சூர்க் குழாய்க்காரர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மனிதரை இத்தனை காலம் தப்பாக நினைத்துவிட்டோமே என்பது போல முகம் போயிற்று. பிறகு மெல்லத் தெளிந்தது. "அப்ப ஒண்ணு தெரிஞ்சு போச்சு. புடிச்ச ஊடு வந்தா ஆகட்டுங்கன்னு சொன்னாப் போதும். சுளுவுதான்."

புடிச்ச வீடு வந்தது. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து மௌனிகா கண்டுபிடித்தாள். உள்ளடங்கிய ஒரு சந்து, மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில், ஓரத்தில் சமைக்க ஒரு மேடை. ஜன்னலுக்கு வெளியே பலாமரம். வாடகை மற்ற வீடுகளில் பாதிக்கும் கீழே. ரத்தினசாமி குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அவர் அதைத் தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மௌனிகா ஒரு கட்டிலில் உட்கார்ந்து பார்த்து, எழ மனமில்லாமல் எழுந்தாள். வீட்டுக்கார அம்மாளிடம் அவள்தான் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கடைசியில் ரத்தினசாமியைப் பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்று மலையாளத்திலேயே கேட்டார்.

ரத்தினசாமி நிமிர்ந்து நின்றார். புதிதாகக் கற்ற பாஷையைத் தப்பில்லாமல் பேசப் போகிறவரின் கம்பீரம் முகத்தில் இருந்தது.

"ஆகட்டுங்க" என்றார். பழக்கதோசத்தில் துண்டும் தோள் மாறியது.

அந்த அம்மாளின் முகம் ஏன் சுருங்கியது என்று இருவரும் யோசிக்கவில்லை. மெத்தையையும் தேங்காயையும் எடுத்து வர ஆட்டோ பிடித்து ஓடினார்கள்.

திரும்பி வந்தபோது மாடிப்படியில் ஒரு பெண் இரும்புப் பெட்டியைத் தடதடவென்று இழுத்து ஏறிக்கொண்டிருந்தாள். தொடுபுழாவிலிருந்து வந்தவள்.

"அறையக் குடுத்தாச்சுங்களே" என்றார் வீட்டுக்கார அம்மாள். அச்சு அசல் கொங்குத் தமிழ்.

ரத்தினசாமியின் தோளிலிருந்து மெத்தை சரிந்தது. "நீங்க தமிழுங்களா?"

"எனக்குக் கொல்லங்கோடுங்க. பேரு பாப்பாத்தி. கட்டிக்குடுத்து இங்க வந்தவ."

"நான்தான் ஆகட்டுங்கன்னு சொல்லிட்டுப் போனனுங்களே."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். சொன்னீங்க. துண்டையும் மாத்திப் போட்டீங்க. என்னையப் பொண்ணு கேட்டு வந்தவங்கள எல்லாம் எங்கப்பன் இப்பிடித்தானுங்க அனுப்பிவெச்சாரு. எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பவே நம்மூருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

"வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரிக்கறவங்ககிட்ட ஊரு பேரு சொல்லி என்னங்க ஆகப் போகுது?"

மௌனிகா மெத்தைச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அப்பாவைக் குறை சொல்லவும் இல்லை. "சாயங்கால வண்டிக்கே போயிறலாமுங்கப்பா. சித்தூரு ஒண்ணும் மோசமில்ல" என்றாள். பெருமாட்டி முழுக்கக் கேலி பேசியபோதுகூட அவள் குரல் இப்படி இறங்கியதில்லை.

ரத்தினசாமி மாடியை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு கட்டில் கெடக்குதுங்களே."

"அந்தப் புள்ள தனியா இருக்கோணும்னுதான் எடுத்திருக்குது. நான் வாக்குக் குடுத்துட்டேன், கேக்கமாட்டேன். வேணும்னா நீங்க கேட்டுக்குங்க."

யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் படியேறினார். கேட்க வேண்டியதை ஒவ்வொரு படியிலும் மலையாளத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மேலே போய்ச் சேர்ந்தபோது மலையாளம் முழுக்கக் கொட்டிப்போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

"வேணும்" என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்ற பொண்ணுக்கு. ஒரு கட்டில். வேணும்." சொல்லிவிட்டு, மரியாதை குறைந்துவிட்டதோ என்று பயந்து, "ங்க" என்று தனியாகச் சேர்த்தார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பின்னாலேயே ஏறி வந்து நின்ற மௌனிகாவை மேலும் கீழும் பார்த்தாள். ராத்திரி குறட்டை விடுவாளா என்று மலையாளத்தில் கேட்டாள்.

"அவ விடமாட்டா. நான்தான் விடுவேன்" என்றார் ரத்தினசாமி உண்மையாக. "நான் ரயிலுக்குப் போயிருவேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை. நடுவில் கிடந்த இரும்புப் பெட்டியை இழுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ரத்தினசாமிக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கீழே இறங்கிப் போய் மெத்தையைத் தூக்கி வந்து இன்னொரு கட்டிலில் விரித்தார்.

இனி இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். "நீ சொல்லீரு அம்மணி" என்று போனை நீட்டினார். மௌனிகா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எடுத்தவரு நீங்க. நீங்களே சொல்லோணும்."

ஜோஸ் சார் முதல் மணியிலேயே எடுத்தார். ரத்தினசாமி விசயத்துக்கு வருவதற்குள் அவராகவே இறங்கி வர ஆரம்பித்தார். கேட்டை ஏழரைக்குப் பூட்டலாம். ஞாயிறு மட்டும் கஞ்சி வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமையும் துவைக்கலாம், சின்னத் துணி மட்டும். ஒவ்வொரு சலுகைக்கும் ரத்தினசாமி இளகிக்கொண்டே போவதைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். தொடுபுழாப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பதறி எழுந்துவிட்டாள்.

"வேண்டாமுங்க சார்" என்றார் ரத்தினசாமி.

வீட்டில் என்ன குறை என்று சார் கேட்டிருக்க வேண்டும்.

"ஊடு நல்ல ஊடுங்க. டீயும் நல்லா இருந்துச்சுங்க. வேற எடம் அமைஞ்சிருச்சுங்க. அதனால வேண்டாமுங்க."

சார் சரி என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். ரத்தினசாமி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை சின்ன வேலையா இது என்பது போல இருந்தது முகம். மௌனிகா ஷைனியின் எண்ணைத் தேடித் தருவதற்காக அருகே வந்தாள். அதற்குள் அவரே அந்த எண்ணை அழுத்திவிட்டிருந்தார்.