மழைக்குத் தளர்த்திய கயிறு

பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவாள். தெருமுனை போனதும், அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும். திரும்பி ஓடி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தெருமுனை, மறுபடி சந்தேகம். தொழில் தையல். ஊசி உடைந்து கண்ணில் தெறித்துவிடுமோ என்று முகத்தை ஒருபக்கமாய்ச் சாய்த்துக்கொண்டுதான் மெஷின் மிதிப்பாள். தையல் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக வரும். அது எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்தத் தையற்காரியைத்தான் ஊர் முழுக்கக் கயிறக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் கண்காட்சி.

அறுவடை முடிந்த கையோடு, வருஷத்துக்கு ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் அது நடக்கும். குளிப்பாட்டிச் சீவிவிட்ட பசுக்கள் ஒரு பக்கம், ஆடுகள் ஒரு பக்கம், கூண்டுக்குள் முறைத்துக்கொண்டு நிற்கும் சேவல்கள் ஒரு பக்கம். நடுவில் பெரிய கூடாரம். அதற்குள் பூசணிக்காய்ப் போட்டி, கேக் போட்டி, பின்னல் ஸ்வெட்டர் போட்டி. எந்த ஆபீசும் நடத்துவதில்லை, எந்தக் கம்பெனியும் நடத்துவதில்லை. எல்லாம் ஊர்க்காரர்களே. தபால்காரர் வெயிலில் நின்று வண்டிகளுக்கு இடம் காட்டுவார். சலூன்காரர் போட்டிக்கு வரும் ஆடுகளுக்கு முடி வெட்டிவிடுவார். "இதுங்களாவது அரசியல் பேசாம தலையைக் காட்டுதுங்க" என்பார். கணக்கு வாத்தியார் கழிப்பறைக்குத் தண்ணீர் சுமப்பார். கூலி ஒரு டீ, ஒரு பன். அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். எதற்காக இந்தப் பாடு என்று கேட்டுப் பாருங்கள், கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஆட்களால்தான் ஐயா ஓர் ஊர் ஊராக இருக்கிறது. கைதட்டல் என்னவோ பரிசு வாங்கின பசுவுக்குத்தான்.

கயிறக்கா அந்தக் கூட்டத்தில் சேர்ந்த கதை இது. ஒரு வருஷம் கூடாரத் துணி கிழிந்துபோய், தைத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். தைத்தாள். தைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. தையல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் வெளியே நின்று ஒவ்வொரு கயிறாய் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமிட்டித் தலைவரான மாட்டு டாக்டர் இதைக் கவனித்தார்.

"இனிமே டெண்ட்டுக்குப் பொறுப்பு நீங்கதாம்மா."

"ஐயோ டாக்டர், எனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

"அதனாலதான் சொல்றேன். தைரியசாலி எவனும் ஒரு கயித்தை ரெண்டாவது தடவை தொட்டுப் பாக்கமாட்டான்."

அன்றிலிருந்து கயிறக்கா. முளை அடிப்பதையும் முடிச்சுப் போடுவதையும் கூட இருந்தவர்களிடம் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். பருத்திக் கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் சுருங்கும். சுருங்கிச் சுருங்கி, மண்ணில் அடித்த முளையையே பிடுங்கி எறிந்துவிடும். அதனால் முதல் தூறல் விழுந்ததும் எல்லாரும் கூடாரத்துக்குள் ஓடுவார்கள், இவள் மட்டும் வெளியே ஓடுவாள். நனைந்துகொண்டே சுற்றிவந்து ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் தளர்த்திவிடுவாள். பிறகு கயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் கயிறு சுருங்கி விறைத்து வரும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வரும். வருஷக்கணக்கில் செய்து செய்து, அந்த வேலைக்கு அவள் மூளையே தேவைப்படவில்லை. கை தானாகச் செய்தது.

போன கண்காட்சியில்தான் மானம் போனது. ஒரு காற்று வீசியது. கயிறக்கா "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறிவிட்டாள். ஜனங்கள் அடித்துப் பிடித்து ஓடி, முதல் பரிசு கேக்கை யாரோ மிதித்து, நடுவராக வந்த அம்மாள் செருப்பைத் தொலைத்து, ஒரே ரகளை. பார்த்தால் அந்தக் காற்று ஒரு துண்டைக்கூடக் காயவைக்காத காற்று. வருஷம் முழுக்கக் கேலி. ஜாக்கெட் தைக்க வந்தவர்கள்கூட, "அக்கா, வெளிய காத்தடிக்குது, உள்ள வரலாமா?" என்றார்கள்.

எல்லாரையும்விட மோசம் அவள் கணவர்தான். லாரி டிரைவராக இருந்தவர். ஒரு விபத்தில் கால் உடைந்த பிறகு ஊன்றுகோலோடு நடக்கிறார். கண்காட்சியில் மைக் அவருடையது. கூடாரத்தின் நடுக்கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். "அன்பான பொதுமக்களே, கயிறக்கா வானத்தைப் பாக்குறாங்க. அவங்கவங்க உயிரை அவங்கவங்க பாத்துக்குங்க!" கூடாரம் சிரிப்பில் அதிரும். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் போன வருஷத்துக்குப் பிறகு மனசுக்குள் ஒரு சபதம் எடுத்திருந்தாள். இனி கூடாரமே பறந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

இந்த வருஷம் இரும்புக்கடைக்காரர் பழைய கயிறுகளைப் பார்த்து முகம் சுளித்தார். "இத்துப்போச்சுக்கா" என்று சொல்லி, தன் கடையிலிருந்தே புதுசாகக் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை வெளேரென்று நைலான் கயிறு. அவரும் அவளுமாகத்தான் கட்டினார்கள். "இது அறுந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன், போதுமா?" என்றார். அவர் மீசை மேல் அவளுக்கும் நம்பிக்கை இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி மழை பிடித்தது. திடலில் இருந்தவர்கள் மொத்தமும் கூடாரத்துக்குள் புகுந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள், சேவல் கூண்டைத் தலைக்கு மேல் பிடித்தவர்கள், கிழவர்கள், எல்லாரும். எள் போட்டால் கீழே விழாது. கயிறக்கா வெளியே ஓடினாள். சுற்றிவந்து எல்லா முடிச்சையும் தளர்த்தினாள். கடைசிக் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கயிறு விறைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். மழைத்தண்ணீர் கயிற்றில் உருண்டு ஓடியது. துளிகூட உள்ளே இறங்கவில்லை. கயிறு முன்னைவிடத் தொய்ந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. இது பருத்தி இல்லை. நனைந்தால் இது சுருங்காது, இழுபடும். விறைப்பாக விட்டுவைத்திருக்க வேண்டியதை, மெனக்கெட்டுச் சுற்றிவந்து, ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டிருக்கிறாள்.

முடிச்சை மேலே தள்ளினாள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி தள்ளினாள். மறுபடி இறங்கியது. திடலுக்கு அப்பால் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்வதைப் பார்த்தாள். அது துண்டு காயவைக்கும் காற்று இல்லை.

"அண்ணே! இங்க வாங்கண்ணே!"

இரும்புக்கடைக்காரரும் சலூன்காரரும் ஓடி வந்தார்கள். இரும்புக்கடைக்காரர் கயிற்றைத் தொட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கா தளத்தினது?" என்றார். அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டு, முளையை மிதித்தபடி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். மண் குழைந்துபோயிருந்தது. முளை பல்லாடுவது போல ஆடியது.

உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். கால் வரவில்லை. கம்பம் சாய்ந்தால் அடியில் அத்தனை உயிர். அதில் அவள் கணவர், ஓட முடியாத மனுஷர், சரியாக நடுவில். இது ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது. சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் இருந்தது. மறுபடி சிரிப்பார்களே!

போனாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நடுக்கம்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் பார்த்துவிட்டார். "இதோ வந்துட்டாங்கய்யா நம்ம வானிலை அறிக்கை!" கூடாரம் கொல்லென்று சிரித்தது. அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் வெளிய போங்க. பெரிய காத்து வருது."

"போன வருஷக் காத்தாக்கா, புதுக் காத்தா?" என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. ஒருத்தரும் நகரவில்லை. வெளியே மழை கொட்டுகிறது, யார் நனைவார்கள்? தலைக்கு மேல் துணி ஒருமுறை படபடவென்று அடித்து அடங்கியது.

"காத்தை விடுங்க" என்றாள். குரல் அழுகையாக வந்தது. "நான் தப்புப் பண்ணிட்டேன். புதுக் கயிறுன்னு மறந்துபோய் எல்லாக் கயித்தையும் தளத்தி விட்டுட்டேன். இந்த டெண்ட் நிக்காது. என்னாலதான். தயவுசெஞ்சு வெளிய போங்க."

சிரிப்பு நின்றது. அவள் பயத்தை அந்த ஊரில் யாரும் நம்பியதில்லை, ஆனால் அவள் தப்பை எல்லாரும் நம்பினார்கள். அவள் கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து "தப்புப் பண்ணிட்டேன்" என்று அவர் கேட்டதில்லை. தப்புப் பண்ண அவளுடைய பயம் எங்கே விட்டது? மைக்கை வாங்கினார்.

"குழந்தை வச்சிருக்கவங்க முதல்ல. வாசல் பக்கம். ஓடாதீங்க, நடங்க" என்றார் நிதானமாக. பிறகு மைக்கை மூடிக்கொண்டு, "நீ போய்க் கயித்தைப் புடி."

"நீங்க?"

"நான் பேச்சை நிறுத்தினா இதுங்க ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து சாகும். போடி."

வெளியே தபால்காரர், வாத்தியார், டீ போடுகிறவர்கள், மாட்டு டாக்டர் எல்லாரும் ஆளுக்கொரு கயிற்றில் தொங்கினார்கள். கூப்பிடாமலேயே வந்திருந்தார்கள். கயிறக்கா பின்பக்கக் கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. ஒலிபெருக்கியில் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "பெரியவருக்குக் கை குடுங்க... கூண்டைப் போட்டுட்டுப் போம்மா, சேவல் பொழச்சுக்கும்..." மைக் ஒயரைக் கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். அந்தக் குரல் கேட்கும்வரை அவர் கம்பத்தடியில்தான் இருக்கிறார். நிறுத்துங்களேன், வந்துவிடுங்களேன் என்று மனசு கதறியது. குரல் நின்றுவிட்டால் அவருக்கு என்ன ஆகியிருக்குமோ என்று அதே மனசு பதறியது.

"அவ்வளவுதானா? வேற யாராச்சும்..." என்றது குரல்.

காற்று வந்து மோதியது. முளைகள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டன. வாத்தியார் ஆளோடு தூக்கி எறியப்பட்டார். கம்பம் சாய்ந்தது. ஒலிபெருக்கி ஒருமுறை கர்ரென்று கத்திவிட்டு ஊமையாகிவிட்டது.

கயிறக்கா கத்தினாளா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. நனைந்த துணி மலைபோல் தரையில் கிடந்தது. நடுவில் எங்கோ அவர். இடுப்பில் எப்போதும் தொங்கும் கத்தரிக்கோலை எடுத்தாள். தான் போட்ட தையலைக் கையால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேலேயே கிழித்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். இருட்டு, ஈரம், மிதிபட்ட கேக்கின் வாசனை. "என்னங்க! என்னங்க!" பதில் இல்லை. தவழ்ந்தாள். பூசணிக்காய் மேஜை மேல் கம்பம் விழுந்து கிடந்தது. முதல் பரிசுப் பூசணி இரண்டாகப் பிளந்திருந்தது. மேஜைக்கு அடியில் ஊன்றுகோல். அதைப் பிடித்த கை.

"எல்லாரும் போயாச்சா?" என்றார்.

"போயாச்சு."

"சரி. இப்ப அழு."

ஒருத்தருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வாத்தியாருக்குத் தோள்பட்டை இறங்கியது, அவ்வளவுதான். யாரும் அவளைத் திட்டவில்லை. இரும்புக்கடைக்காரர் மட்டும் மறுநாள் மீசையை எடுத்துவிட்டு வந்தார். கயிறுதான் அறுந்துபோகவில்லையே என்றதற்கு, "வச்சிருக்கப் பிடிக்கலைக்கா, நனைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

அடுத்த வருஷம் அவள் வரமாட்டேன் என்றாள். மாட்டு டாக்டர் வீட்டுக்கே வந்தார். "வேற நல்ல தைரியசாலியாப் பாத்துப் போடுங்க டாக்டர்" என்றாள். "போட்டா நான் அந்த டெண்ட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன்" என்றார் அவர்.

கண்காட்சி அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் கணவர் இந்த முறை கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார். மைக்கில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "கயிறக்கா சொல்லாம யாரும் உள்ள போகக் கூடாது."

யாரும் போகவில்லை. கேக் தட்டோடும் சேவல் கூண்டோடும் பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டும் ஊரே வெயிலில் நின்றது. அவள் ஒவ்வொரு கயிறாய்த் தொட்டுக்கொண்டு போனாள். அத்தனை கண்களும் அவள் கைகளோடு போயின. கடைசிக் கயிறு வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. முன்பெல்லாம் ஊர் சிரித்தபோது, சே, நமக்குத்தான் வீண் பயம் என்று கொஞ்சமாவது தேற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது அவள் சொல்வதை எல்லாரும் நம்புகிறார்கள். ஒன்றுமில்லை போ என்று சொல்ல ஓர் ஆள்கூட மிச்சமில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாராவது கொஞ்சம் சிரிங்களேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் கணவர்கூட. அவள் மறுபடி முதல் கயிற்றுக்குப் போய்க் கையை வைத்தாள். அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.