தம்பிக்குப் போட்ட பழைய சட்டை

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெயர் வைக்கும் நாள் வரை பழந்துணிதான் போட வேண்டும். அதுவும் யாரோ எவரோ உடுத்தியது கூடாது. நோய் நொடியில்லாமல் ஓடியாடித் திரியும் பிள்ளை ஒன்று போட்டுக் கழித்ததாக இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் அத்தை இந்த வழக்கத்தை விடவில்லை. எங்கள் சந்தில் அப்படித் திரிந்த பிள்ளை நான்தான். தெருவில் போகிற வம்பையெல்லாம் விலைக்கு வாங்கும் அளவுக்கு எனக்கு ஆரோக்கியம் இருந்தது. ஆகவே என் கைக்குழந்தைச் சட்டைகள் அத்தையின் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. மும்பை மழைக்குச் சுவரே பூத்துப்போகும், துணி எம்மாத்திரம்? அதனால் பெட்டிக்குள் அத்தை பாச்சா உருண்டைகளை அள்ளிப் போட்டு வைப்பாள். இங்கே கடையில் டாம்பர் கோலி என்று கேட்டால் வெள்ளை வெள்ளையாகக் கொடுப்பார்களே, அதுதான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மாமா போய்விட்டார், பிள்ளையும் இல்லை. மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல் செய்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் எங்கள் வீட்டை ஆண்டாள். அப்பா பை தைக்கும் கார்கானாவில் மேஸ்திரி. வீட்டில் அத்தைதான் மேஸ்திரி.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து, ஒரு வாரம்கூடத் தங்காமல் உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து இறந்துபோனது. அப்போது நான் சிறுபிள்ளை. அத்தை அதை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அழுததும், அப்பா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு மஞ்சள் என்ற சொல்லுக்கே அத்தை வீட்டில் தடை போட்டுவிட்டாள். அதைச் சொன்னால் அது வந்துவிடுமாம். குழம்புக்குப் போடும் மஞ்சள்பொடியைக்கூட நாங்கள் 'ஹல்தி' என்று இந்தியில்தான் சொல்ல வேண்டும். இந்தி தெரியாத சாமியை ஏமாற்றுகிறோம் என்று அப்பா ஒருமுறை சொல்லப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா மறுபடி உண்டானாள். வீட்டில் எல்லோரும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடமாடினோம். நல்ல மழைக்காலத்தில் தம்பி பிறந்தான்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அம்மாவின் கட்டிலுக்கு வந்தாள். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் காமாலை ஏன் முற்றிப்போகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, பிள்ளையின் குதிகாலிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சம்மதத்துக்கு ஒரு தாள் நீட்டினாள். அது சுத்தத் தமிழில் இருந்தது. டாக்டருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஊரில் எட்டாவது வரை படித்த அம்மாதான் அதை எழுத்துக் கூட்டி டாக்டருக்கு வாசித்துக் காட்டினாள்.

அப்பாவுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்துவிட்டது. "நம்ம பிள்ளைய வச்சு இவங்க படிக்கப் போறாங்களாக்கும். நாம என்ன எலியா?"

அத்தையும் சேர்ந்துகொண்டாள். பச்சை மண்ணின் காலில் ஊசி குத்துவதா என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா சாதாரணமாக இந்த இரண்டு பேருக்கும் எதிரே வாய் திறக்க மாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

"போன பிள்ள எதனால போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பிள்ளையவாவது யாராச்சும் பாக்கட்டும்."

கையெழுத்தும் போட்டுவிட்டாள். அப்பாவால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் டாக்டர் போன் நம்பர் கேட்டபோது, கடைசி எண்ணை மாற்றிச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் ஆட்கள் இந்த ஒரு தந்திரத்தில் கெட்டிக்காரர்கள். ரேஷன் விசாரிக்க வருகிறவனிலிருந்து சீட்டுப் பிடிக்க வருகிறவன் வரை எல்லோருக்கும் ஒரு தப்பு நம்பர் தயாராக இருக்கும். அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி வீட்டுக்கு வந்ததும் அத்தை பெட்டியைத் திறந்தாள். வழக்கமாக அந்தத் துணியை அலசி, வெயிலில் போட்டு எடுத்துத்தான் பிள்ளைக்குப் போடுவார்கள். வெயிலுக்கு எங்கே போவது? சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மடித்தது மடித்தபடி என் சட்டையை எடுத்து உதறி, தம்பிக்குப் போட்டாள். அதன்மேல் என் பழைய துணிகளாகவே சுற்றினாள். அவனைக் கையில் வாங்கினால் பால் வாசனைக்குப் பதில் பெட்டி வாசனைதான் அடித்தது. "உன் சட்டைட்டி, உன்ன மாதிரியே ரவுடியா வருவான் பாரு" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பியின் கண்ணை நான்தான் முதலில் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டிருந்தாள். அத்தையும் பார்த்துவிட்டாள் என்பது, அவள் காரணமே இல்லாமல் என்னைத் திட்ட ஆரம்பித்ததிலிருந்து தெரிந்தது. மூன்று பேருக்கும் தெரியும். அந்தச் சொல்லைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்றாள் அத்தை. பிள்ளையை வாசலுக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்த்துப் பிடித்தாள். வானம் சாணி மெழுகின மாதிரி இருந்தது.

மறுநாள் தம்பி பால் குடிக்கவில்லை. அழவுமில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் நனைத்த துணியை எடுத்தேன். கறுப்புத் தேயிலைத் தண்ணீர் கொட்டினது போல இருந்தது. அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி."

"மழ கொஞ்சம் விடட்டும்ளா. என் தம்பி கார்கானாலேருந்து வந்திரட்டும். நீயா எதையும் நெனச்சிக்கிடாத" என்றாள் அத்தை.  ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள் போல. போன முறையும் இப்படித்தான் அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்து நின்றாள். முட்டுவரை சேறு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலையிலிருந்து அந்த நம்பரை அடித்து அடித்து, யாரோ ஒரு மீன்காரம்மாவிடம் வசவு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த 'கோயில் பின்னால்' என்ற விலாசத்தை வைத்துத் தேடியிருக்கிறாள். தாராவியில் எத்தனை கோயில், எத்தனை பின்னால். ஆனாலும் வந்துவிட்டாள்.

"ரத்த ரிசல்ட் வந்துடுச்சும்மா. பிள்ளையை உடனே பாக்கணும்."

தம்பியைக் கையில் வாங்கினாள். அவன் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது. உடனே சட்டையைக் கழற்றினாள், சுற்றியிருந்த துணிகளையும் உருவிப் போட்டாள், தன் துப்பட்டாவைப் பிழிந்து, உள்பக்கம் ஈரம் குறைந்த இடமாகப் பார்த்து அவனைச் சுற்றினாள்.

அத்தை பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "புதுத்துணி போடக் கூடாதும்மா. எங்க பிள்ளைக்கு ஆவாது."

"இது பழசுதான் ஆன்ட்டி. காலேஜ்லேர்ந்து இதையேதான் போட்டுட்டு இருக்கேன்."

அத்தை அந்தத் துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். நூல் பிரிந்திருந்தது. கையை விட்டாள். அப்பாவைக் கூப்பிட்டு வருகிறேன் என்று குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினாள். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் அம்மா என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

வழி முழுக்கத் தண்ணீர். ஆட்டோ இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. டாக்டர் தம்பியின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் முனகினால்தான் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோம். ஒருமுறை அவன் முனகவில்லை. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் உடைந்து எனக்குக் குத்தியது. டாக்டர் மறுபடி சுண்டினாள். முனகினான்.

ஆஸ்பத்திரியில் அவனை நீல விளக்கின் கீழ் போட்டார்கள். பார்த்துவிட்டு வந்த டாக்டர், விளக்கு மட்டும் போதாது, தொப்புள் வழியாக அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்ற வேண்டும், தாமதித்தால் மூளையைத் தாக்கிவிடும், உயிரும் போகலாம் என்றாள். அம்மா ஏன் என்று கேட்டாள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். பிள்ளையின் ரத்தத்தில் ஒரு சத்து குறைவு. அது தாய் வழியாக வருவது, அதனால் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாச்சா உருண்டை வாசம் விஷம். அது ரத்தத்தை உடைத்துவிடும்.

 அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"முந்தின பயலுக்கும் இதே பெட்டித் துணிதான் போட்டோம். அவனும் இதாலதானா?"

டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அப்பாவும் அத்தையும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாக அப்பா கத்தினார். ஊசி குத்தினதால்தான் இப்படி ஆயிற்று, இனி ஒருவன் பிள்ளையைத் தொடக் கூடாது, கையெழுத்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. டாக்டர் அமைதியாக, "நீங்க குடுத்த நம்பர்ல ஒரு மீன்காரம்மாதான் பேசுறாங்க அண்ணா" என்றாள். 

அம்மா எழுந்தாள். "நான் பெத்தது. நான் போடுதேன் கையெழுத்து" என்று தாளை வாங்கினாள். அப்பா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். தலை நிமிரவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை ஊரிலுள்ள அத்தனை சாமிக்கும் நேர்ந்துகொண்டாள். தன் முடியை, காதில் கிடந்த கம்மலை, கடைசியில் தன் உயிரையே கொடுப்பதாகச் சொன்னாள். நான் அழுதேன். என் சட்டையைப் போட்டும் அவன் ஏன் இப்படிக் கிடக்கிறான் என்று எனக்கு ஒரே குழப்பம்.

சாயங்காலம் கதவு திறந்தது. டாக்டர் வருவதற்கு முன்பே அவன் அழுகை வந்தது. நல்ல கோபமான அழுகை. அப்பா எழுந்து டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். ஒருவரையும் கும்பிடாத மனுஷன் அவர்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். "ஏம்ளா, எதனாலன்னு சொன்னாவ?"

அம்மா சற்றும் தயங்கவில்லை. "என் ரத்தத்துலதான் கோளாறாம் மதினி. எங்க அம்ம வழியில வருதாம்."

நான் வாயைத் திறந்தேன். உருண்டையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.  "ஏதோ, தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும், அந்த வாசம் தலையைச் சுற்றுகிறது, பால் வற்றுகிறது என்று சொல்லி அம்மா உருண்டைகளையெல்லாம் பொறுக்கித் தூரப் போட்டாள். பெட்டித் துணியை ஒன்று விடாமல் கட்டி வெளுக்கக் கொடுத்தனுப்பினாள். பிள்ளை பெற்றதும் இவளுக்கு மூக்கும் நீண்டுவிட்டது என்று அத்தை முணுமுணுத்தாள்.

தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் விசாரித்தார்கள். முந்தின பிள்ளையும் இப்படித்தானே போச்சு என்று ஒருத்தி இழுத்தாள். "எல்லாம் இவ ரத்தத்துல உள்ள கோளாறு. எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கெடையாது" என்றாள் அத்தை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா, "ஆமா" என்றாள். பிள்ளையை முழுங்குகிற ரத்தம் என்று அவர்கள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குக் குடத்தைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

அன்று தலை வாரிவிடும்போது அம்மாவிடம் சண்டை பிடித்தேன். டாக்டர் அப்படியா சொன்னாள், உருண்டைதானே காரணம், நீ ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டேன். அம்மா சீப்பை நிறுத்தினாள்.

"அத்தைக்கு அது தெரியக் கூடாது. என்னைக்கும் தெரியக் கூடாது. நீ வாயத் தொறந்தியோ, எனக்கு மகளே கெடையாது."

நான் திறக்கவில்லை. ஆனால் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் அப்பாவையே அடக்கிவிட்ட அம்மா, போயும் போயும் இந்த அத்தைக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.