ழ-வில் தொடங்கும் சொல்

ரோஸ்மேரி டீச்சருக்குப் பிழைக்கத் தெரியாது என்று திருப்பூர் மண்ணரைப் பக்கம் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். பிழைக்கத் தெரிந்தவர்கள்தான் ஊரெங்கும் நிறைந்திருக்கிறார்களே.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து கணவன் சூசையோடு திருப்பூருக்கு வந்தவள் அவள். சூசை பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையலுக்குப் போனான். தமிழ் படித்திருந்த ரோஸ்மேரிக்கு ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. அரசாங்கம் போட்ட வேலை இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட வேலை. சம்பளம் கொடுத்தது சூசை வேலை செய்த அதே கம்பெனியின் முதலாளி பழனிமுத்து. வருடா வருடம் ஜூன் மாதத்தில் அவர் சரி என்று தலையசைத்தால் டீச்சர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வைகாசி பிறந்துவிட்டாலே ரோஸ்மேரி நாளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அவிநாசியில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போய் அவள் பெயர்க்கவிதை என்பதைக் கற்றுக்கொண்டு வந்தாள். பெயரின் எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் முதலாக வைத்து ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால் அதை விட்டுவிடலாம் என்று ஒரு விதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

கட்டுரை என்றால் காய்ச்சல் வந்துவிடும் பிள்ளைகள் இதற்கு ஆலாய்ப் பறந்தார்கள். வாயே திறக்காத ராக்கையா எழுதினான்:

ராத்திரி சிப்டு எங்க அப்பாவுக்கு
கை நிறையப் பஞ்சு
யாரு எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டாரு

ரோஸ்மேரி அதைப் படித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாண்டித்துரைக்கு ‘டி’ இடித்தது. தமிழில் அந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராதே! அவன் கொஞ்சமும் அசரவில்லை. ‘டிரிம்மிங் பண்ணும் எங்க அக்கா’ என்று, பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலையைப் போட்டுவிட்டான். கம்பெனிப் பேச்சு கைகொடுக்க, வகுப்பே கவிதை எழுதித் தள்ளியது.

இந்தச் செய்தி தலைமையாசிரியை நல்லம்மாளின் காதுக்குப் போனது.

“ஏனுங்க ரோஸ்மேரி, ஆண்டு விழாவுக்கு நம்ம பழனிமுத்து அய்யா வர்றாருங்க. அவரு பேருல ஒண்ணு எழுதிப் படிக்க வெச்சிருங்க. ஆளுக்கொரு எழுத்து அட்டையில எழுதிக் கையில குடுத்துருங்க. உங்க வேலைக்கும் நல்லதுங்க” என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார்.

ரோஸ்மேரி சந்தோஷமாகப் போய்ப் பலகையில் எழுதினாள். ப. ழ. னி. மு. து. எழுதிய கை அப்படியே நின்றது. ப-வுக்குப் பஞ்சமில்லை. மு-வும் து-வும் அப்படித்தான். ழ-வுக்கு எங்கே போவது? னி-க்கு எங்கே போவது? தமிழில் ஒரு சொல்லும் கிடையாது. இங்கிலீஷிலும் கிடையாது. கம்பெனி முழுக்கத் தேடினாலும் அகப்படாது.

பெயர் வேண்டாம், பட்டம் ஏதாவது வைப்போம் என்று பார்த்தாள். வள்ளல் என்றால் ள இடித்தது. முதலாளி என்றால் ளி. அண்ணன் என்றால் ண. ஒரு மனிதரைப் புகழ வேண்டுமென்றால் தமிழ் இப்படியா காலை வாரும்? அய்யா என்று வைத்தால் தேறியது. ஆனால் இரண்டே வரி. “பேருதானுங்க வேணும்” என்று நல்லம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு வழியும் காட்டினார்.

“அழகுங்கறதுல முன்னால இருக்கற எழுத்த முழுங்கிப்போட்டு ‘ழகான மனசு’ன்னு எழுதுங்க. இனியங்கறத ‘னிய சொல்லு’ன்னு போடுங்க. கைதட்டற சத்தத்துல ஆருக்குத் தெரியப் போவுது?”

ரோஸ்மேரி அதையும் பலகையில் எழுதினாள். பொய் சொல்வானேன், வேலை போய்விடுமே என்கிற பயம் அவளுக்கு நிறையவே இருந்தது. ஏழாம் வகுப்பு நதியா எழுந்து நின்றாள்.

“டீச்சர், ‘ழகு’ன்னு ஒரு வார்த்தை இருக்கா? நீங்கதானே ழ மொதல்ல வராதுன்னு சொல்லித் தந்தீக?”

கிண்டல் இல்லை. அந்தப் பிள்ளை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. ரோஸ்மேரிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவ்விரண்டு வரிகளையும் துடைத்தாள்.

“இல்லை பிள்ளே. இல்லாததை எழுத வேண்டாம். நீ ழ அட்டையைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. ராக்கையா னி அட்டையோட நிக்கட்டும்.”

விழா வந்தது. மேடையில் ஐந்து பிள்ளைகள் அட்டைகளோடு நின்றார்கள்.

“பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தந்தீர்கள்” என்று முதல் அட்டை உயர்ந்தது. நதியா ழ-வை உயர்த்தினாள், பேசவில்லை. ராக்கையா னி-யை உயர்த்தினான், பேசவில்லை. “முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினீர்கள்” என்றது அடுத்த பிள்ளை. “துணி தைக்கும் எங்கள் அம்மா உங்களைக் கும்பிடச் சொன்னாள்” என்று பாண்டித்துரை முடித்தான். நல்லம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது.

பழனிமுத்து முன்வரிசையிலிருந்து கேட்டார். “நீ ஏன் கண்ணு ஒண்ணும் சொல்லாம நிக்கறே?”

“ழ-வுல ஆரம்பிக்கிற வார்த்தையே கெடையாதுய்யா. இருந்தா சொல்லிருப்பேன்” என்றாள் நதியா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரோஸ்மேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி ஜூனைப் பற்றிக் கவலையில்லை என்றே நினைத்தாள்.

டீ குடிக்கும்போது அவர் அவளைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க டீச்சர், பசங்கள என்னமாத் தயார் பண்ணியிருக்கறீங்க! ஒருத்தங்கூடத் தெணறலீங்களே. நீங்க நம்ம கம்பெனிக்கு வந்துருங்க.”

“கம்பெனியில எனக்கு என்ன வேலைங்கய்யா?”

“ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்கல்லங்க. எத்தன மணி நேரம் வேலை, ஞாயித்துக்கெழம லீவு உடறாங்களான்னு ஆளுகள நிறுத்திக் கேப்பாங்க. நம்ம ஆளுக பயத்துல உள்ளதச் சொல்லிப்போடறாங்க. நீங்க முன்னாலயே சொல்லிக் குடுத்தீங்கன்னா இதே மாதிரி கணீர்னு சொல்லிருவாங்க. பள்ளிக்கூடத்துல வர்ற வருசம் உங்க எடத்துக்கு இங்கிலீஸ் டீச்சரப் போடலாம்னு இருக்கறனுங்க. பெத்தவங்களே கேக்கறாங்க. உங்கள உட்டுப்போடக் கூடாதுன்னுதான் கூப்படறேன்.”

அவர் கெட்டவர் இல்லை. ஆர்டர் கைவிட்டுப் போனால் எத்தனை அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். உதவி செய்வதாகவே நம்பித்தான் கேட்டார். ஆனால் ரோஸ்மேரியின் கண் முன்னால் வந்து நின்றவன் சூசை. ஒவ்வொரு ஆடிட்டுக்கும் முதல் நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “எட்டு மணி நேரந்தாங்க வேலை, ஓவர்டைம் கெடையாதுங்க” என்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி அவன் முணுமுணுப்பதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கேட்காதது மாதிரி ரசம் ஊற்றியிருக்கிறாள்.

“எனக்கு அது வராதுங்கய்யா” என்றாள்.

“ஏனுங்க?”

“ரெண்டு எழுத்துக்கே இல்லாத வார்த்தையப் போட மாட்டாமத்தான் வெறுமன விட்டேன். மனுசங்க வாயில எப்படிப் போடுவேன்?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. “செரீங்க டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார் பக்கம் நடந்தார். பின்னால் வந்த நல்லம்மாள் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையாலேயே அவள் தோளையும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னாள் ரோஸ்மேரி. வாடகை வீடு, இனி ஒற்றைச் சம்பளம், அதுவும் அந்த முதலாளியிடமே. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சூசை சட்டையில் ஒட்டியிருந்த நூலை வெகுநேரம் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“நல்ல காரியம் பண்ணுன ரோசு” என்றான் கடைசியில். “நம்ம ரெண்டு பேர்ல ஒரு ஆளாவது அந்த மனுசன்ட்ட நெசத்தச் சொல்லிட்டோம்லா.”