கரை நாடாவுக்கு நான் கொடுத்த எண்ணிக்கை

பிள்ளையார்பாளையத்தில் மூன்று தறி போட்டேன். ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினேன். பெரியவளைப் பட்டம் வாங்க வைத்தேன், சின்னவள் கல்லூரியில் இருக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு புடவையின் கணக்கு முழுவதையும் எழுதாமல் மண்டையில் வைத்திருப்பேன். எங்கள் தெருவில் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். இதைவிடப் பெரிய காரியமும் ஒன்று செய்தேன். அதற்குத்தான் யாரும் என்னைச் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு என் மனைவி வந்த ஷேர் ஆட்டோ ஐயம்பேட்டை அருகே கவிழ்ந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் தறியில் உட்கார்ந்தால் அந்த ஆட்டோ சாய்வது கண்ணெதிரே வரும், கை நின்றுவிடும். கரை வேறு நிறம் என்பதால் வலப்பக்கக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை என்னருகே உட்கார்ந்து அவள்தான் தள்ள வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான். தறியில் இருந்ததோ கல்யாணப் புடவை. முகூர்த்தத்துக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும்.

அதை நினைக்காதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க அப்பிடி சொல்லும்போதுதாங்க ஆட்டோ வந்து நிக்குது" என்றாள்.

யோசித்தேன். எனக்கும் வேண்டாத நினைப்பு வருவதுண்டு. பூ இல்லாத வெறும் நெசவில் வரும். புட்டாப் பூவுக்கு இழை எண்ணும்போது வராது, மண்டையில் அதற்கு இடம் இருக்காது. ஆகவே புட்டாவுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று என் இரண்டு எண்ணிக்கையையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டாம் நாளே குழம்பினாள். எண்ணிக்கை விட்ட இடத்தில் ஆட்டோ புகுந்துகொண்டது. நான்கு விரற்கடை நெய்ததைப் பிரித்தோம்.

"உங்க மண்டைய எடுத்து என் கழுத்து மேல வைக்காதீங்க."

அவள் சொன்னது சரி. எல்லோருக்கும் ஒரே பிடிமானம் கிடையாது. கரை எண்ணிக்கையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். பத்து நாளுக்குப் பிறகு கை நிற்கவில்லை. புட்டாவையும் மெல்லச் சேர்த்தேன். நினைப்பு இன்னும் வருகிறதாம், வாசலோடு போய்விடுகிறதாம். புடவை முகூர்த்த நாளுக்கு முன்பே போயிற்று. ஷேர் ஆட்டோவிலும் ஏறிவிட்டாள்.

புடவை வாங்க வந்த, ஏனாத்தூர் கல்லூரியில் உளவியல் நடத்தும் பேராசிரியை இதைக் கேட்டு வியந்தார். மனத்தில் பலவற்றை ஒரே சமயம் பிடித்துவைக்கும் திறனுக்கும் வேண்டாத நினைப்பை ஒதுக்குவதற்கும் தொடர்பு உண்டாம். இந்த அம்மாவைப் பற்றி வகுப்பில் சொல்லப் போகிறேன் என்றார். ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவியைப் பார்த்தேன்.

"எண்ணுனது நான்தானே" என்றாள்.

எண்ணியது அவள்தான், மறுக்கவில்லை. எண்ணக் கொடுத்தது யார்? தப்பு என்றதும் பாதியாகக் குறைத்தது யார்? பேராசிரியை அம்மா, அவளை முதலில் சொல்லுங்கள். அடுத்து என்னையும் சொல்ல வேண்டும். சொன்னீர்களா என்பது எனக்குத் தெரிந்துவிடும். என் சின்னப் பெண் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.