கொளஞ்சியப்பரும் நாலு அலாய் வீலும்

என்னைப் பெற்ற தாயின் மீது நான் ஒரே ஒரு முறை பிராது கொடுத்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் இல்லை, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வழக்கு, நான்கு சக்கரங்களைப் பற்றியது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிட்டால், அது நிலத் தகராறோ, காணாமல் போன மாடோ, சொன்ன பேச்சு கேட்காத புருஷனோ, ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி கொளஞ்சியப்பர் காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் நூலால் கட்டிவிடுவார்கள். தாசில்தாருக்கு எழுதுவது போலவே பெயர், விலாசம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்றுகூட எழுத வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். வந்ததும் மறுபடி போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்வதாக இன்னொரு தாள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சாமிக்குக் கோபம் வரும். நான் மாட்டிக்கொண்டது இந்தக் கடைசி விதியில்தான்.

அந்தச் சக்கரங்கள் மாமாவின் காருக்கு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. செராமிக் தொழிற்பேட்டையில், கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாளர். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். அம்மா அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவர் கார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனவர், சாயங்காலம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து வாசலில் நின்றார்.

அதை எப்படிச் சொல்வது! இரண்டே சீட். துணிக் கூரை, மடக்கிவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. அது பழைய வண்டி, யாரோ பணக்காரர் ஓட்டிச் சலித்து விற்றது என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவே கூடிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்து, "மீதிக் காரு எப்ப வருது?" என்று கேட்டார். அவர் அந்த வண்டியைப் பற்றி மொத்தமாகச் சொன்னதே இவ்வளவுதான்.

வண்டியில் ஒரே ஒரு குறை. சக்கரங்கள் சின்னவை. பதின்மூன்று இன்ச், பெரிய மனுஷனுக்குக் குழந்தை செருப்பு போட்டது போல இருந்தது. தை மாதத்தில் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தயத் தடத்தில், யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று ஒரு நாள் விடுகிறார்களாம். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டார் மாமா. அதற்குள் வண்டியைத் தயார் செய்ய வேண்டும். கையில் இருக்கிற சேமிப்புக்கு, ஒன்று புது வீலும் டயரும் வாங்கலாம், அல்லது பிரேக்கை மாற்றலாம். இரண்டும் முடியாது.

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, வீலா பிரேக்கா என்பதுதான். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்களை மாமா மாடியில் கடை பரப்புவார். நானும் அவரும் குப்புறப் படுத்துக்கொண்டு ஆராய்வோம். பல்லவ மன்னர்களின் வரிசை எனக்கு எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது. ஆனால் எந்த வீலில் எத்தனை போல்ட்டு, எத்தனை கம்பி, எது வார்ப்பு, எது அடித்துச் செய்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினேழு இன்ச் போட்டால் மட்கார்டில் உரசும். பதினைந்துதான் உச்சம். அதில் ஐந்து கம்பி வைத்த வெண்கல நிற அலாய் வீல் ஒன்று இருந்தது. அந்தத் தாளை நான் என் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். வாங்காமல் போனால் என் மானம் போய்விடும் என்கிற நிலைமை.

பிரேக் பக்கம் நின்றவர் அம்மா மட்டும்தான். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க் என்றால் வீலோடு சுற்றுகிற தட்டு, பேட் என்றால் அதை அழுத்திப் பிடித்து நிறுத்துகிற கட்டை என்று மாமாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரிடமே திருப்பி வாதாடினார்.

"வேகமா போறதுக்குத்தாண்டா எல்லாரும் செலவு பண்றானுவ. நிக்கறதுக்குச் செலவு பண்ணவன் எவனும் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்து நான் பாத்ததில்ல."

மாமா தலையைச் சொறிவார். "வீலு மாத்துனாதான்கா வண்டி ரோட்டப் புடிக்கும்."

"ரோட்டப் புடிக்கறது இருக்கட்டும். நிக்குமா?"

தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் யோசிக்கவேயில்லை. "பிரேக்கு உள்ளதானம்மா இருக்கும், அத யாரு பாப்பாங்க?" என்றேன். இத்தனை வயதுக்குப் பிறகும் அதைவிட உறுதியாக நான் எதையும் சொன்னதாக நினைவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அம்மாதான். அன்று இரவு அவர் பிரேக் தாள்களைத் தனியாக எடுத்து அடுக்குவதைப் பார்த்தேன். வெண்கல வீல் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வரிசையில் நிற்கும்போது நான் நைசாக நழுவினேன். கணக்கு நோட்டில் கிழித்த தாளில் எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது.

"மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் ஐயா அவர்களுக்கு. என் அம்மா மாமாவை வீல் வாங்க விடவில்லை. பிரேக் வாங்கச் சொல்லி மிரட்டுகிறார். அம்மா மனதை மாற்றவும். அது முடியாவிட்டால் மாமா மனதையாவது மாற்றவும். சைஸ் பதினைந்து. கலர் வெண்கலம். எங்கள் வீடு மூன்று கிலோமீட்டர். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவி."

காலடியில் வைத்து வாங்கவில்லை, கட்டணமும் கட்டவில்லை. முறைப்படி பார்த்தால் அது செல்லாத மனுதான். ஜடையிலிருந்து ரிப்பனை உருவி, அதனால் வேலில் கட்டிவிட்டு ஓடிவந்தேன். ரிப்பன் எங்கே என்று அம்மா கேட்டதற்குக் கூட்டத்தில் விழுந்துவிட்டது என்று கோயில் வாசலிலேயே பொய் சொன்னேன்.

பதினோராவது நாள் தீர்ப்பு வந்தது. மாமா சாப்பிட உட்கார்ந்தவர், சாதத்தைப் பிசைந்துகொண்டே வக்கீல் போலப் பேச ஆரம்பித்தார். பெரிய டிஸ்க் மாட்ட வேண்டுமென்றால் பதின்மூன்று இன்ச் வீலுக்குள் இடமே இல்லை. ஆக, பிரேக் மாற்றுவதற்கே முதலில் பெரிய வீல்தான் வேண்டும். இப்போது வீல், சித்திரையில் பிரேக். சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாகியிருந்தது. "என்னமோ பண்ணு. எஞ் சொல்லு எங்க ஏறப்போவுது?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாமி இரண்டு பேர் மனதையும் மாற்றிவிட்டதே!

வீலும் டயரும் லாரி பார்சலில் வந்து இறங்கின. மாட்டியது ஜங்ஷன் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த மங்கலம்பேட்டை பாய். அவர் பல வருஷம் துபாயில் பெரிய பெரிய வண்டிகளுக்கு டயர் மாற்றியவர், அதனால் எங்கள் கண்ணுக்கு விஞ்ஞானி. டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களைத் தொட்டுக் காட்டி, இது அகலம், இது உயரம், இது எந்த வீலுக்கு என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஒவ்வொரு வீலும் ஏறி நட்டு இறுகும்போதெல்லாம் நான் குதித்தேன். நான்காவதும் ஏறி ஜாக்கி இறங்கியபோது அது வேறு வண்டியாகிவிட்டது. வெயிலில் அந்த வெண்கலத்தைப் பார்க்கக் கண் கூசியது.

பாய் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "தம்பி, புது டயரு, நூறு கிலோமீட்டரு போற வரைக்கும் வழுக்கும். வீலும் கனமாயிடுச்சி, பழைய பிரேக்குக்கு இனிமே வேல ஜாஸ்தி. பாத்துப் போங்க." மாமா சரிங்க பாய் என்றார். நான் அதைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். ஞாயிறு விடியற்காலை மாமா சென்னைக்குக் கிளம்புகிறார். மதியம் சோறு சாப்பிடும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாபஸ் வாங்கவில்லையே! தீர்ப்பு வந்தும் வாபஸ் வாங்காமல் விட்டால், சாமி கோபத்தில் நாளைக்கு மாமாவைத் தோற்கடித்துவிட்டால்? யாரிடமும் சொல்லவும் முடியாது, அம்மா மீது கொடுத்த பிராது ஆயிற்றே. அவசரமாக ஒரு தாள் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மூன்று கிலோமீட்டரும் ஒரே மிதி. தாளைக் கட்டி, மூன்று சுற்று சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பாரம் இறங்கிப் பாதி வழியில் பாட்டுகூடப் பாடினேன்.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அந்த உறுமல் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க மாமா அந்த ரோட்டுக்கு வந்திருக்கிறார்! சைக்கிளை ஓரத்தில் கிடத்திவிட்டு நடு ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் போல நின்றேன். வளைவு திரும்பி சிவப்பு வந்தது.

நான் என்ன பார்த்தேனோ அதை அப்படியே சொல்கிறேன். மாமா என்னைப் பார்த்துவிட்டார். கூரை மடக்கியிருந்த வண்டியில் சீட்டிலிருந்து எழுந்து நின்றார். எனக்காகத்தான் எழுந்து நிற்கிறார் என்று எனக்கு அவ்வளவு பெருமை. வெண்கல வீல் வெயிலில் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன், சுற்றிக்கொண்டே வந்தது. கருகிய வாசனை ஒன்று அடித்தது. என் கைக்கு எட்டும் தூரத்தில் வண்டி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. என் பாவாடை காற்றில் படபடக்க என்னைத் தாண்டிப் போய், ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. இப்படி ஒரு வித்தையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கை தட்டிக்கொண்டே ஓடினேன்.

"சூப்பர் மாமா! இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி!"

மாமா கொஞ்ச நேரம் இறங்கவேயில்லை. பிறகு இறங்கி வந்து ரோட்டில் மண்டி போட்டு, என் தலை, தோள், முட்டி எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கா? வீலுக்குத்தாங்க மாமா. அங்க பாருங்க, ஒரு கம்பி ஒடஞ்சிடுச்சி." அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பாவம், வெண்கல வீல் உடைந்த வருத்தம் என்று எனக்கே கஷ்டமாக இருந்தது. ஒட்டவைத்துவிடலாம் என்று தேறுதல் சொன்னேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடந்தார். சொந்தமாக ஒரு கார் இருக்க, அதிலும் இப்படி ஒரு கார் இருக்க, என்னை சைக்கிளில் கூட்டிவந்ததில் எனக்கு மனத்தாங்கல். கார் எங்கே என்று வீட்டில் அம்மா கேட்டதற்கு, "நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சிக்கா" என்றார். என்னைப் போய் நாய் என்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோயிலுக்குப் போனது தெரிந்துவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சென்னைக்குப் போகவில்லை. அந்த வாரமே மீதி மூன்று வீலையும் கொண்டுபோய் டயர் கடை பாயிடம் கொடுத்துவிட்டு, பதினாலு இன்ச்சில் ஓட்டை போட்ட கறுப்பு இரும்பு வீல் நான்கும், உள்ளே பெரிய டிஸ்க்கும் புது பேடும் மாட்டிக்கொண்டு வந்தார். கம்பெனியில் முன்பணம் கேட்டு வாங்கினாராம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அன்றைக்குக் கேசரி கிண்டினார். நான் தொடவில்லை. என் வகுப்பில் எத்தனை பேருக்கு என்ன பதில் சொல்வது? சாமி கொடுத்ததை இவர் திருப்பிக் கொடுத்துவிட்டாரே!

மாமாவோடு ஒரு மாதம் நான் பேசவில்லை. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் மாடிக்குப் போய் நேருக்கு நேர் கேட்டேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குப் பயந்துதான வீல மாத்துனீங்க? நீங்க சரியான பயந்தாங்கொள்ளி மாமா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம் பாப்பா. ரொம்பப் பயந்துட்டேன்" என்றார்.

ஒப்புக்கொண்டுவிட்டார்! அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஜெயித்துவிட்ட தோரணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, படிக்கட்டில் தடதடவென்று இறங்கி விளையாடப் போய்விட்டேன்.