சுவர்க்கோழிக்கு வாங்கிய மாத்திரை

என் ஆய்வைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பூச்சிக்கு மூளை இருக்கா?" என்பார்கள். இருக்கிறது, கேட்பவர்களில் சிலரைவிட ஒழுங்காகவே வேலை செய்கிறது. இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு எம்.பில். படித்தேன். தலைப்பு, பூச்சிகளின் மூளையில் உள்ள டோபமைன் ஏற்பிகள்.

டோபமைன் என்பது மூளைக்குள் சேதி கொண்டுபோகும் ஒரு ரசாயனம். ஏற்பி என்பது அந்தச் சேதியை உள்ளே வாங்கும் வாசல். அந்த வாசல் தேனீக்கும் உண்டு, ஈக்கும் உண்டு, நமக்கும் உண்டு. எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாடைதான். ஆனால் உள்ளே போகிற சேதி ஆளுக்கு ஆள் மாறும். மனுஷருக்கு 'இது வேணும், இன்னும் வேணும்' என்று சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு. ராத்திரியெல்லாம் கிர்ரென்று கத்துகிற சுவர்க்கோழிக்கோ, 'அங்கே போகாதே, போன தடவை பட்டது போதாதா' என்று சொல்கிறது. அந்த வாசலை மருந்தால் அடைத்தால் பூச்சிக்குப் பூச்சி என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

சுவர்க்கோழிக்குப் பஞ்சமில்லை. கோடையில் கரிசல் காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் குடும்பத்தோடு வெளியே வரும். தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள் என்பதால் காலிப் பெட்டிக்கும் கவலையில்லை. பெட்டிக்கு ஒரு ஆள். சோம்பு வாசனையோடு சீனித் தண்ணீர், ஏலக்காய் வாசனையோடு உப்புத் தண்ணீர் என்று பழக்குவேன். மறுநாள் எது நினைவிருக்கிறது என்று பார்ப்பேன்.

மருந்துதான் இழுத்தடித்தது. மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை அது. பேராசிரியருக்குத் தெரிந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கும்மா இது?"

"சுவர்க்கோழிக்கு, அண்ணாச்சி."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு ரொம்ப அன்பாக, "சரிம்மா, சரி. நேரத்துக்குச் சாப்பிடணும், நடுவுல நிப்பாட்டக் கூடாது, என்ன?" என்றார்.

பில்லில் ஒரு பெயர் எழுத வேண்டுமே. எங்கள் வீட்டு மருந்தெல்லாம் வாங்குவது அக்காதான் என்பதால், யார் போனாலும் அக்கா பெயரையே எழுதுவது அவர் வழக்கம். அன்றும் எழுதினார். நானும் பார்த்தேன். பூச்சி பெயரையா எழுத முடியும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அந்த இரண்டும் போனதில் அக்காவுக்கு வருத்தமே இல்லை. காரணம், அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு எதிர்க் கடை இந்த மாப்பிள்ளையுடையது. அவர் மேல் அவளுக்கு இருந்த ஆசை எனக்கு மட்டும்தான் தெரியும். இதுவும் தட்டினால் அவள் தாங்கமாட்டாள் என்பதும் தெரியும்.

கை கழுவ உள்ளே போன மாப்பிள்ளையின் அம்மா, திரும்பி வரும்போது கையில் என் மாத்திரை அட்டை. அதைச் சுற்றி அந்த பில்லை வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அவ்வளவு ஒழுங்கு எனக்கு.

"இது பொண்ணு பேருல்லா?" என்றார்.

"அது அக்காவுக்கு இல்ல அத்தை. சுவர்க்கோழிக்கு" என்றேன். ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. "வாய மூடுட்டி" என்றார் அப்பா. நிரூபித்தே தீருவேன் என்று ஓடிப்போய்ப் பெட்டிகளை அள்ளிவந்து நடுவீட்டில் திறந்தேன். ஒன்று மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் குதித்தது. இன்னொன்று லட்டுத் தட்டில் இறங்கி மீசையை ஆட்டியது. மாப்பிள்ளையின் மாமா நாற்காலி மேல் ஏறிவிட்டார். அக்கா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த அம்மா மட்டும் அசையவில்லை. "நீ இங்கன வா" என்று பின்பக்கம் துவைக்கிற கல்லருகே கூட்டிப்போனார்.

"இதக் குடுத்தா அதுக்கு என்ன செய்யுது?"

"உப்பு மறந்துபோகுது அத்தை. அந்த வாசனைக்குப் போனா உப்புத் தண்ணின்னு தெரியாம, மறுபடியும் அங்கனயே போகுது. இனிப்பு மட்டும் ஞாபகம் இருக்கு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாத்திரைய நான் ஒம்பது வருசமா முழுங்குதேன். வீட்டுக்காரருக்குத் தெரியும், மவனுக்குத் தெரியாது. விட்டா தூக்கம் போயிரும், மனசு நெலைகொள்ளாது. அதனால விடமாட்டேன்." அட்டையை என் கையில் வைத்தார். "ஒன் பூச்சிக்கு உப்பு மறக்குது. எனக்கு இனிப்புல்லா மறந்துபோச்சு."

இதை எழுதலாமா என்று போன வருஷம் அவரிடமே கேட்டேன். "மவன்ட்ட நானே சொல்லிட்டேன். பேரு மட்டும் போடாத" என்றார்.

பூச்சிக்கும் மனுஷருக்கும் உள்ள வேறுபாட்டை நான் பதினாறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அவர் துவைக்கிற கல்லருகே நின்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். என் திமிரெல்லாம் எங்கே போனதோ, அழுகை வந்துவிட்டது. "அழுவாத. உள்ள என்னமும் நெனைப்பாவ" என்று என் கையைத் தட்டினார்.

உள்ளே வந்ததும், "பூச்சிக்குத்தான். நான் விசாரிச்சிட்டேன்" என்றார். நான் தொண்டை கிழியச் சொன்னபோது நம்பாதவர்கள் அவர் சொன்னதும் நம்பிவிட்டார்கள். மாமா நாற்காலியிலிருந்து இறங்கினார். அக்கா காபி கொண்டுவந்தாள்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். இனிப்பு தெரிகிறதா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்காதபடி, எனக்கு மட்டும், இல்லை என்று லேசாகத் தலையாட்டினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்லா இனிக்குது. பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றார்.